நான்கு பதினெட்டுகள்

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலைக்கு வந்திருக்கும் சங்கர் போன மாதம் ஒரு காலையில் போன் செய்தார். ஆராய்ச்சிக்கூடத்தின் பழைய இன்குபேட்டரைக் கழித்துவிடப் போகிறார்களாம். அதோடு கிடந்த லாக் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணா, எல்லாப் பக்கமும் உங்க எழுத்து முத்து முத்தா கீது. ஒரே ஒரு பக்கத்துல மட்டும் நாலு பதினெட்டை அடிச்சு வெச்சிருக்கீங்க. அதுல ரெண்டுக்கு மட்டும் பக்கத்துல வேற நம்பர். நாலுக்கும் கையெழுத்து. இன்னாண்ணா ஆச்சு அன்னிக்கு?"

"போன்ல சொல்ற விஷயம் இல்ல சங்கர்."

"அப்ப எழுதிக் குடுங்க. இப்ப வர்ற புள்ளைங்க கம்ப்யூட்டர்ல புரதத்தோட எழுத்து வரிசையைப் போட்டு நிமிஷத்துல அதோட படத்தை எடுத்துடுதுங்க. படிகத் தட்டு வைக்கவே தெரியல. மேடம் கூட சொன்னாங்க, ஏழுமலையை எழுதச் சொல்லுன்னு."

எங்கள் கிளாரா மேடமே சொன்ன பிறகு மறுப்பதற்கில்லை. எனக்குப் பத்தாவது வரைதான் படிப்பு. தப்பு இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எங்கள் வீடு. அங்கிருந்து சைக்கிளில் ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து, கூடுவாஞ்சேரிக்கு முன்னாலேயே உள்ளே திரும்பினால் எங்கள் கட்டடம். பாட்டில் கழுவுகிறவனாகச் சேர்ந்தேன். மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும், கடைசித் தண்ணீர் வாலையில் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும், காய்ந்த பிறகு கண்ணாடியில் ஒரு புள்ளிகூட நிற்கக் கூடாது. அதைக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருடம் போயிற்று. பிறகு தராசு, பிறகு குளிர் அறைச் சாவி. அதற்கும் பிறகுதான் கிளாரா மேடம் என்னைப் படிக அறைக்குள் விட்டார்.

நான் அங்கே மாற்றலானதை வீட்டில் சொன்னபோது ஒரு கூத்து நடந்தது. "நியூக்ளியர் ரிசப்டர் பிரிவு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். என் மனைவி சாந்தாவின் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான். "இன்னா மச்சான், கல்பாக்கத்துக்கா தூக்கிட்டாங்க? அக்காவை நினைச்சுப் பாத்தியா?" அணு உலை இல்லை, உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கரு இருக்கிறது, அந்தக் கருவில் உட்கார்ந்திருக்கும் புரதம் என்று விளக்கி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது. சாந்தா மட்டும் கேட்டாள்: "நான் தெனம் வெறும் வயித்துல போடுறனே தைராய்டு மாத்திரை, அது போய்ச் சேர்ற எடமா?" அதேதான். அவள் முழுங்கும் மாத்திரை ரத்தத்தில் கலந்து, கருவுக்குள் போய், அந்தப் புரதத்தின் வயிற்றில் உட்காருகிறது. உட்கார்ந்தவுடன் புரதம் தன் உருவை மாற்றிக்கொள்கிறது. அந்த உருவ மாற்றம்தான் உடம்புக்கு உத்தரவு. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சின்ன அசைவுக்குக் கட்டுப்படுகிறதே என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால்.

அந்தப் புரதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கோடிக் கணக்கில் ஒரே திசையில் அடுக்கி நிற்கவைத்தால் படிகமாகும். அந்தப் படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு உருவத்தை வரைவார்கள். கணக்கு படித்தவர்களுடையது. அடுக்கி நிற்கவைக்கிற இடம் வரை எங்களுடையது.

தட்டு வைப்பதைச் சொல்கிறேன், சங்கர் கேட்டதால். இருபத்து நான்கு குழி உள்ள தட்டு. ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் சிரிஞ்சால் கிரீஸை வளையமாக இட வேண்டும், முறுக்கு பிழிவதைப் போல, ஆனால் முறுக்கின் முனை சேரும் இடத்தில் இடைவெளி விடக் கூடாது. குழிக்குள் உப்புக் கரைசல். பிறகு நகத்தளவுக் கண்ணாடிச் சில்லு. அதன் நடுவில் புரதம் ஒரு துளி. துளி என்றால் கண்ணீர்த் துளி அல்ல, கடுகைவிடச் சிறியது. அதோடு குழிக் கரைசலில் அதே அளவு. குமிழி வராமல் கலந்து, சில்லை ஒரே மூச்சில் தலைகீழாகக் கவிழ்த்து, கிரீஸ் மேல் வைத்து, அரைக்கால் திருப்பு. துளி கீழே பார்த்துத் தொங்கும். அதிலிருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லக் குழியை நோக்கிப் போகும், துளி கெட்டியாகும், மனது இருந்தால் படிகம் வரும். தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கோயிலில் கற்பூரத் தட்டு ஏந்தியவர் நடப்பதைப் போல நடக்க வேண்டும். பிறகு சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் இன்குபேட்டரில் பதினெட்டு டிகிரி. காலை ஒன்று, மாலை ஒன்று, நான் எண்ணைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். விடுமுறையிலும் சைக்கிளில் போய் எழுதிவிட்டு வருவேன்.

கிளாரா மேடம் கத்தி நான் கேட்டதில்லை. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஒரு படி கூடும். அதுதான் எங்களுக்குப் பயம். நுண்ணோக்கியில் பார்க்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலையில் ஏற்றிக்கொள்வார், மூச்சைப் பிடித்துக்கொள்வார். யாராவது "நல்லா வந்திருக்கு மேடம்" என்று குதித்தால், "ஒரு தடவை வந்ததை வந்ததுன்னு சொல்லாதீங்க. மறுபடி வரட்டும்" என்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் எங்கள் ஆயுத பூஜைக்கு வந்து நின்று, பொரி கடலை வாங்கிக்கொண்டுதான் அறைக்குப் போவார்.

செல்வி அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த பெண். கோவளம் ஊர். அம்மா மீன் விற்கிறவர், அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் எடுத்துக்கொண்டது இந்தத் தைராய்டு புரதம்தான், ஆனால் அதன் அமினோ அமில வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போன வகை. அப்படி மாறினவர்களுக்கு ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருந்தாலும் உடம்பு சரியாகக் கேட்காதாம். ஏன் என்று பார்க்க வேண்டும்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது எனக்கு விளக்கினாள். "பன்னெண்டு சுருள்ண்ணா. மூணு அடுக்கு. எங்கம்மா கூடையில மீனை அடுக்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க. நடு அடுக்குல மட்டும் கீழாண்ட மீன் கம்மி. அப்ப உள்ள ஒரு குழி விழும்ல? அதுலதான் ஹார்மோன் போய் உக்காரும். கடைசிச் சுருள் கீதே, பன்னெண்டாவது, அது மேல வந்து மூடிக்கும்."

"கூடை மேல தட்டு கவுக்குற மாதிரியா?"

"அட, புடிச்சுட்டீங்களே! என் இடத்துல நீங்க பரீட்சை எழுதலாம்ண்ணா."

நான்கு வருடமாக அவளுக்கு வந்தது ஊசிதான். துளி முழுக்க மயிரிழை ஊசிகள், பனங்கிழங்கின் நாரைக் கொட்டியதைப் போல. எக்ஸ்ரேக்கு அது உதவாது. தடித்த படிகம் ஒன்று வேண்டும். பங்குனியோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. வடக்கே இருக்கிற பெரிய எக்ஸ்ரே நிலையத்தில் தை கடைசியில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் படிப்பு முடியாது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த வருட ஆயுத பூஜை. முன் தினம் மாலையே கருவிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தோம். எங்கள் வழக்கத்தில் பூஜை நாளன்று கருவிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பேனாவைத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில்தான் திரும்ப எடுக்கலாம். குளிர் பெட்டிகளை யாரும் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் முடியாது. ஆனால் பழைய இன்குபேட்டர் காலியாக இருந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் செல்வியே, "அதுல ஒண்ணும் இல்லண்ணா, எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பதினைந்து வருடம் ஓயாமல் ஓடுகிற ஜீவன், ஒரு நாளாவது மூச்சு விடட்டும் என்று எனக்குத் தோன்றியது. மாலை எண்ணை எழுதிவிட்டு, கும்பிட்டுவிட்டு, சுவிட்சை அணைத்தேன்.

விஜயதசமி காலை எட்டு மணிக்கு வந்து போட்டேன். காட்டியது இருபத்தொன்பது. கதவைத் திறந்து துடைக்கக் கை விட்டால், கீழ்த்தட்டின் மூலையில் ஒரு படிகத் தட்டு. செல்வியின் எழுத்து. மாற்றும்போது விட்டுப்போயிருக்கிறது.

அதை எடுக்காமல் அப்படியே கதவைச் சாத்தினேன். மாலையில் திரும்பிப் பார்த்தேன். பழைய மிஷின், அதன் கம்ப்ரஸர் மூச்சு வாங்கி வாங்கி இறக்கி அப்போதுதான் இருபத்திரண்டுக்கு வந்திருந்தது. லாக் புத்தகத்தில் பூஜை நாளின் இரண்டு கட்டமும் காலி, விஜயதசமியின் இரண்டு கட்டமும் காலி. பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு என்று எழுதினேன். அன்று காலையில்தான் பேனாவைப் பிள்ளையார் பாதத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து செல்வி அந்தத் தட்டைக் கண்டுபிடித்தாள். எறிவதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை நுண்ணோக்கியில் வைத்தவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஊசிகளைக் காணோம். துளி தெளிந்து கிடந்தது. அதன் நடுவில் மூன்று படிகங்கள், கல்கண்டு போல, முனைகள் கூர்மையாக. வெளிச்சத்தைத் திருப்பினால் நீலமும் மஞ்சளுமாகப் பூத்து, இன்னும் திருப்பினால் அணைந்து போயின. நானும் பார்த்தேன். விடியலில் எங்கள் ஏரிக்கு அப்பால் மழை விட்ட பிறகு வானம் ஒரு நிமிடம் அப்படி நிறம் மாறும். கனவிலிருந்து எழுந்தவனைப் போல நின்றேன். பிறகு தட்டின் பெயர்ச்சீட்டைப் பார்த்தேன். பழைய இன்குபேட்டரின் மூலையில் கிடந்த அதே தட்டு.

மூன்றில் இரண்டு எக்ஸ்ரேக்காக உறைய வைக்கும்போதே விரிசல் விட்டன. மூன்றாவது எங்கள் கட்டடத்து எக்ஸ்ரேயில் அழகான புள்ளிகளைக் காட்டி, முழுசாக எடுப்பதற்குள் செத்துப்போனது. "மறுபடி வரட்டும்" என்றார் மேடம்.

வரவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. முப்பத்தாறு தட்டு வைத்தாள். எல்லாம் ஊசி. தண்ணீரை மாற்றினாள், உப்பை மாற்றினாள், புரதத்தைப் புதிதாகத் தயாரித்தாள். ஒரு நாள் மேடம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கழுவிய கண்ணாடிகளைத் தட்டில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

"வெப்பநிலை?"

"பதினெட்டு மேடம். லாக் முழுக்கப் பாத்துட்டேன். ஒரு நாள்கூட மாறல. ஏழுமலைண்ணா எழுதினது, தப்பா இருக்காது."

மேடம் அவளுடைய நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு மரியாதையைக் கூட்டிக் கேட்டார். "செல்வி, அந்தத் தட்டுல நீங்க போட்டதைத்தான் நோட்டுல எழுதியிருக்கீங்களா? நிச்சயமா?"

செல்வியின் முகம் செத்துவிட்டது. நான் கண்ணாடிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் தன் நோட்டையே நம்பாமல் போனாள். எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். கலந்த கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி கலப்பாள். குளிர் அறைக்குள் போய் அழுதுவிட்டு, குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்பாள். ஒரு மதியம் அவள் அம்மா போன் செய்தார். கையுறை போட்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் மீன் ஏலச் சத்தம்.

"இன்னாமே, அந்தக் கல்லு வந்துச்சா?"

"இல்லம்மா."

"வரலன்னா வுட்டுட்டு வூட்டுக்கு வா. வலையில வராத மீனுக்காக எவனாச்சும் கடல்லயே குடியிருப்பானா? பேஜாரா போச்சு உன்னோட."

"இன்னும் ரெண்டே வாரம்மா" என்றாள். அவள் குரலில் எனக்குக் கேட்டது அவளே அதை நம்பவில்லை என்பதுதான்.

மார்கழி. விடியற்காலையில் தெரு முனைப் பிள்ளையார் முன்னால் நின்றேன், தோப்புக்கரணம் போட்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சாந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, பிள்ளையாருக்கு இது முன்னாடியே தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

போனவுடன் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன். நின்றபடியே சொன்னேன். பாதியில் "உக்காருங்க ஏழுமலை" என்றார். அத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. அவர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு அணைத்தீர்கள்? எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? நடுவில் கதவு திறந்ததா? எவ்வளவு காட்டியது?

"இருபத்தொன்பது மேடம்."

"நிச்சயமா?"

"பிள்ளையார் சத்தியமா மேடம். அந்த நம்பர் இன்னும் என் கண்ணை விட்டுப் போகல. சாயங்காலம் இருபத்திரண்டு."

அவர் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றினார். "சூட்டுல ஊசி கரைஞ்சிருக்கு. மெதுவா ஆறினதுல பெருசா வளர்ந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு லாக் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். அழிக்கக் கூடாது, ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். விஜயதசமியின் இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் சரியானதை எழுதினேன். பூஜை நாள் இரண்டுக்கும் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கோடு மட்டும் போட்டேன். நான்குக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"செல்விகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க."

அவளிடம் சொன்னபோது அவள் தட்டுக்குக் கிரீஸ் இட்டுக்கொண்டிருந்தாள். வளையத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு மேலண்ணா" என்றாள். "என் கைதான் சரியில்லன்னு நினைச்சுகினு இருந்தேன்."

அவ்வளவுதான். அடுத்த குழிக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊசி வந்த தட்டுகளில் பத்தைப் பழைய இன்குபேட்டரில் வைத்தார்கள். மார்கழியில் அறையின் சூடு இருபத்தைந்துகூட இல்லை, வெறுமனே அணைத்தால் போதாது. என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு எண்ணை நம்பி மிஷினை இருபத்தொன்பதில் வைத்து, அன்று நின்றிருந்த அதே நேரம் விட்டு, பிறகு பதினெட்டுக்குத் திருப்பினோம். அது மூச்சு வாங்கி இறங்கியதை நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மணிக்கொரு தரம் எழுதினேன். இருபத்தெட்டு. இருபத்தேழரை. எண் மாறும் ஒவ்வொரு தடவையும் முருகா என்றேன்.

துளிகள் எல்லாம் தெளிந்துவிட்டன, ஊசி ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு வாரம் எதுவுமே வரவில்லை. செல்வி என்னோடு பேசவில்லை. தட்டை வாங்குவாள், கொடுப்பாள். இருந்த ஊசியையும் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "ஏழுமலைண்ணா" என்றாள். கையைத் துடைக்கக்கூட விடவில்லை. நான்கு துளிகளில் வந்திருந்தது. எண்ணினோம், பதினோரு படிகம். மேடம் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இப்ப வந்ததுன்னு சொல்லலாம்" என்றார். செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். என்னைப் பார்த்து, "அடுத்த வருஷம் எந்த மிஷினுக்கு லீவு குடுக்கப் போறீங்கன்னு முன்னாடியே நோட்டீஸ் ஒட்டிடுங்க" என்றாள்.

வடக்கே போய்விட்டு வந்து இரண்டு மாதம் அவள் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தாள். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருட்டான திரையில் சுருள் சுருளாக அது மிதந்தது, மவுஸை நகர்த்தினால் மெதுவாகத் திரும்பியது. மூன்று அடுக்கு. நடுவில், எல்லாப் பக்கமும் மூடிய அறையில், சாந்தா முழுங்குகிற மருந்து உடம்புக்குள் போய் மாறுகிற அந்த ஹார்மோன். உள்ளே போன வழி எங்கும் தெரியவில்லை. கருவறையை முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவனைப் போல நான் மெய்மறந்து நின்றேன். என்னை அறியாமல் கை கூப்பிவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் நூல் அறுந்திருந்தது. ஒரு சுருள் முடிகிறது, வெற்றிடம், பிறகு அடுத்த சுருள் தொடங்குகிறது.

"இங்க ஏன் ஒண்ணும் இல்ல?"

"எழுத்து மாறின இடத்துக்குப் பக்கம்ண்ணா அது. நிலையா நிக்காம ஆடிக்கினே கீது. ஆடுற இடம் படத்துல விழாது. ஹார்மோனை இறுக்கிப் புடிக்க முடியாததுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறோம்."

"ரெண்டு முனையும்தான் தெரியுதே செல்வி. நடுவுல ஒரு கோடு போட்டு இழுத்துட்டா முழுசா அழகா இருக்குமே?"

அவள் படத்தை இன்னும் ஒரு சுற்று திருப்பினாள். வெற்றிடம் எங்களுக்கு நேராக வந்து நின்றது.

"இழுக்கலாம்ண்ணா, யாருக்கும் தெரியாது" என்றாள். "ஆனா நான் அதைப் பாக்கலியே."

திரையைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல. அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுத்தான் அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் அச்சிட்டார்கள்.